விங் ஃபாயிலும் குடும்ப விடுமுறையும்: ஒரே தீவில் இரண்டும் நடக்குமா?

தீவு ரிசார்ட் விளம்பரங்களில் சில வருஷமாக ஒரு புதுப் படம் சேர்ந்திருக்கிறது. காற்றடைத்த பெரிய இறக்கை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்கு ஒரு முழம் மேலே நிற்கிற பலகையில் ஒருத்தர் போய்க்கொண்டிருப்பார். பக்கத்திலேயே இன்னொரு படம். கண்ணாடி மாதிரி அசையாத கடல், முழங்கால் தண்ணீரில் இரண்டு குழந்தைகள், குடைக்குக் கீழே அம்மா, கீற்றுகூட ஆடாத தென்னை. இரண்டுக்கும் சேர்த்து ஒரு வரி இருக்கும்: குடும்பத்தில் எல்லோருக்கும் ஏற்ற விடுமுறை.

இந்த இரண்டு படமும் ஒரே கரையில் ஒரே நாளில் எடுத்ததாக இருக்க முடியாது. நான் சொல்ல வருவது கிட்டத்தட்ட இவ்வளவுதான். ஏன் முடியாது என்று கொஞ்சம் தோண்டிப் பார்த்தால், விஷயம் காற்றிலிருந்து தொடங்கி, யார் கரையில் உட்கார்ந்து யாருக்குக் காவல் இருப்பது என்கிற இடத்தில் வந்து நிற்கிறது. தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் கோவளத்தில் சர்ஃபிங் பழகிவிட்டு அடுத்து என்ன என்று தேடுகிறவர்கள் இப்போது நிறைய. அவர்கள் வீட்டில் மே மாத லீவுக்கு முன்னால் நடக்கிற பேச்சு எனக்குத் தெரியும். "மாலத்தீவு போலாம், நீங்க குளிக்கலாம், நான் ஃபாயில் கத்துக்கறேன்." கேட்க நல்லாத்தான் இருக்கு.

முதலில் இந்த விளையாட்டு என்ன என்று பார்த்துவிடுவோம். பலகைக்கு அடியில் ஒரு கம்பம் இறங்கும். அதை மாஸ்ட் என்கிறார்கள். பெரும்பாலும் 70 முதல் 90 சென்டிமீட்டர் நீளம். அதன் அடியில் விமான இறக்கை மாதிரியே வளைவு கொண்ட ஒரு சின்ன இறக்கை, பின்னால் வால் மாதிரி இன்னொன்று. இதுதான் ஃபாயில். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தி. அதனால் ஒரு முறம் அளவு இறக்கை, மிதிவண்டி வேகத்திலேயே ஒரு ஆளைத் தூக்கிவிடும். தத்துவம் பழசு. தொலைபேசிக்குப் பேர் போன அலெக்சாண்டர் கிரகாம் பெல் குழுவின் ஹைட்ரோஃபாயில் படகு 1919லேயே தண்ணீரைவிட்டு எழும்பி ஓடியது. கையில் பிடிக்கிற காற்றடைத்த விங் கடைகளுக்கு வந்தது மட்டும் 2019 வாக்கில்தான்.

இதற்கு முன்பு இருந்த கைட் சர்ஃபிங்கோடு ஒப்பிட்டால் விங் குடும்பத்துக்கு நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கைட்டுக்கு இருபது மீட்டருக்கு மேல் நீளமான கயிறுகள். கரையில் அதை விரித்து எழுப்ப ஒரு கபடி மைதானம் வேண்டும். கயிறு யார் காலில் சுற்றும், யார் கழுத்தில் மாட்டும் என்று சொல்ல முடியாது. விங்கில் கயிறே இல்லை, மணிக்கட்டிலோ இடுப்பிலோ கட்டுகிற ஒரு லீஷ் மட்டும்தான். பயமாக இருந்தால் கைப்பிடியை விட்டுவிடலாம்; இறக்கை கொடி மாதிரி படபடக்கும், இழுக்காது. இரண்டு பாய் விரிக்கிற இடத்தில் தயார் பண்ணிக் கடலுக்குள் போய்விடலாம். ஆக, ரிசார்ட்காரர்கள் இதை எடுத்துக்கொண்டதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. அவர்கள் சொல்லாமல் விடுகிற பகுதிதான் பிரச்சினை.

விங் ஃபாயில் பழகுகிறவருக்குச் சுமார் 15 முதல் 20 நாட் காற்று வேண்டும். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.85 கிலோமீட்டர். 15 நாட் என்பது மணிக்குக் கிட்டத்தட்ட 28 கிலோமீட்டர். அந்தக் காற்று கரையில் எப்படி இருக்கும்? பிரிட்டிஷ் கடற்படையின் ஃபிரான்சிஸ் பியூஃபோர்ட் 1805ல் வகுத்த காற்று அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் இது நாலாம் எண்ணில் வரும். கடலில் வெள்ளை நுரைத் தலைகள் அடிக்கடி தெரியும்; தரையில் தூசியும் காகிதமும் பறக்கும் என்பது அதற்கான அடையாளம். இன்னும் கொஞ்சம் ஏறினால் ஐந்தாம் எண், சின்ன மரங்களே ஆட ஆரம்பிக்கும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. வேகம் இரட்டித்தால் விசை நாலு மடங்கு. அப்பாவுக்கு "செம காத்து" என்று இருக்கிற நேரத்தில், கரையில் குடை நிற்காது, மணல் வீடு கட்டுகிற பிள்ளையின் கண்ணில் மணல் விழும், பாட்டி புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு "உள்ள போலாம்டா" என்பார். குடும்பத்துக்குப் பிடித்த அசையாத கடல் அமைந்த நாளிலோ, வாடகைக்கு எடுத்த இறக்கை கரையில் சும்மா கிடக்கும்.

இரண்டாவது முரண் ஆழத்தில். விளம்பரத்தில் பச்சை நீலமாகத் தெரிகிற தண்ணீர் அப்படித் தெரியக் காரணமே அது ஆழமில்லாதது என்பதுதான். வெள்ளை மணலோ பவளமோ அடியில் இருக்கிறது, மேலே இடுப்பளவு தண்ணீர். குழந்தைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் முக்கால் மீட்டருக்கு மேல் நீளமான கம்பம் கீழே தொங்குகிறவருக்கு நெஞ்சளவாவது ஆழம் வேண்டும். இல்லாவிட்டால் ஃபாயில் தரை தட்டும். மணலில் தட்டினால் ஆள் முன்னால் எறியப்படுவார். பவளத்தில் தட்டினால் ஆளுக்கும் காயம், பவளத்துக்கும் சாவு. ஃபாயிலின் ஓரம் கத்தி மாதிரி இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கயிறு இல்லை என்பதற்காக, குழந்தைகள் குளிக்கிற இடத்தில் இதை ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இப்போது மாலத்தீவுக்கு வருவோம், நம்மூர்ப் பேச்சில் முதலில் வருகிற பெயர் அதுதானே. 1972ல் குரும்பா என்கிற முதல் ரிசார்ட்டோடு அங்கே சுற்றுலா தொடங்கியது. ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பது அன்றிலிருந்து அவர்கள் பிடித்துக்கொண்ட வழி. தீவு சின்னது, பல இடங்களில் கால் மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். குடும்பத்துக்கு இது வசதி, அப்பா எங்கே போனாலும் கண்ணில் படுவார். ஆனால் கட்டணப் பட்டியலைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்க. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை விலை உச்சம். மழை குறைவு, கடல் பெரும்பாலும் அமைதி. மே மாதம் தென்மேற்குப் பருவம் இறங்கத் தொடங்கியதும் விலை இறங்கும். காசு கொடுப்பவர்கள் காற்றில்லாத கடலுக்குத்தான் காசு கொடுக்கிறார்கள். நமக்குப் பள்ளி விடுமுறை விழுவது ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும். அது பருவம் மாறுகிற நேரம், காற்றை நம்பித் திட்டம் போட முடியாது. இன்றைக்குக் கொட்டி அடிக்கும், நாளைக்கு இலை அசையாது. வாழ்நாள் சேமிப்பில் ஒரு பங்கைக் கொடுத்து நாலு ராத்திரி தங்குகிற குடும்பத்தில், அந்த நாலு நாளும் ஒருவர் கைப்பேசியில் காற்று முன்னறிவிப்பையே பார்த்துக்கொண்டிருந்தால் அங்கே என்ன விடுமுறை நடக்கும்?

நாலு நாளில் கற்றுக்கொள்ளவும் முடியாது, அது தனி விஷயம். முதலில் கரையில் விங்கைக் கையாளப் பழகணும், அப்புறம் பெரிய பலகையில் முழங்காலிட்டு, அப்புறம் எழுந்து நின்று. பலகை தண்ணீரை விட்டு எழும்பி நிலையாக நிற்பது பெரும்பாலானவர்களுக்குப் பல அமர்வுகள் கழித்துத்தான். நாலு நாள் ரிசார்ட்டில் காற்று இரண்டு நாள் வந்தால் பெரிசு. விளம்பரப் படத்தில் பறக்கிற ஆள் வருஷக்கணக்கில் பழகினவர்.

சரி, ஊர்ப் பக்கத்திலேயே பழகினால் என்ன? தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். மீனவக் குடும்பத்திலிருந்து வந்த மூர்த்தி மேகவன் அங்கே 2012ல் தொடங்கிய சர்ஃபிங் பள்ளியும், அதைத் தொடர்ந்து வந்த சர்ஃபிங் விழாவும் அந்தக் கரையின் பெயரை வெளியே கொண்டுபோயின. 2021ல் நீலக்கொடிச் சான்றும் வந்தது. அலைச் சறுக்குக்கு நல்ல இடம். அதே காரணத்தால்தான் ஃபாயில் பழகுகிறவருக்குச் சிரமமான இடம். கரையிலேயே உடைகிற அலையில், அடியில் கம்பமும் இறக்கையும் தொங்குகிற பலகையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவது புதுசாகப் பழகுகிறவரால் ஆகாது. காற்றும் ஒரே குணமாக இருக்காது. ஜூன், ஜூலையில் காலையில் மேல்காற்று, அதாவது நிலத்திலிருந்து கடலுக்கு. மதியத்துக்கு மேல்தான் கடல்காற்று திரும்பும். (அது மயிலாப்பூருக்கு வந்து வெகு நேரம் கழித்துத்தான் தாம்பரத்துக்கு வரும் என்பது இங்கே மொட்டை மாடியில் காத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும்.) காலை மேல்காற்றில் கோவளத்தில் இறக்கையோடு இறங்குகிறவர் திரும்பி வர, வேறு யாராவது படகு எடுத்துக்கொண்டு போகணும்.

காற்று கரையைப் பார்த்து எந்தப் பக்கமாக வீசுகிறது என்பது வேகத்தைவிட முக்கியம். தமிழில் இதற்குப் புதுச் சொல் தேட வேண்டியதே இல்லை. வாடை, கொண்டல், தென்றல், கோடை என்று நாலு திசைக்கும் பெயர் இருந்தது. ராமநாதபுரக் கரையிலும் ஈழத்துக் கரையிலும் கச்சான், சோழகம் என்று இன்றும் சொல்கிறார்கள். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்கு விதவிதமான பட்டங்கள் ஏறுவது வடகீழ்ப் பருவக் காற்றை நம்பித்தான். ரிசார்ட் விளம்பரத்தில் மட்டும் காற்றுக்குத் திசையே கிடையாது. "இதமான கடற்காற்று" என்று ஒரே வரி.

திசையைக் கணக்கில் எடுத்தால், காற்றும் அமைதியும் ஒரே நாளில் வேண்டும் என்கிற குடும்பத்துக்கு ஒரு வழி தெரிகிறது. தீவு ஒடுக்கமாக இருக்கணும், காற்று அதைக் குறுக்கே கடக்கணும். அப்போது ஒரு கரையில் அலையும் காற்றும் மோதும், மறு கரையில் தண்ணீர் தட்டையாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே பத்து நிமிஷப் பயணம். அப்படி ஒரு தீவு நம்மிடம் இருக்கிறது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறந்தபோது அங்கிருந்து கொடியசைத்து அனுப்பிய புது ரயில் எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள்: தாம்பரம்.

ராமேசுவரம் தீவு ஊர்ப் பக்கம் அகலமாக இருந்து, தனுஷ்கோடி பக்கம் போகப் போக ஒரு மணல் நாக்காக ஒடுங்குகிறது. 2017ல் அரிச்சல்முனை வரை சாலை வந்த பிறகு, சாலையில் நின்றால் இரண்டு பக்கமும் இரண்டு கடல் தெரியும். தெற்கே மன்னார் வளைகுடா, அலை அடிக்கிற பக்கம். அதை ஆண் கடல் என்கிறார்கள். வடக்கே பாக் நீரிணைப் பக்கம், குளம் மாதிரி கிடப்பது. அது பெண் கடல். பெயர் வைத்த விதத்தைப் பற்றி வேறு ஒரு நாள் சண்டை போடலாம். கவனிக்க வேண்டியது, வடகீழ்ப் பருவம் வந்தால் இந்தக் குணம் மாறி, வடக்குப் பக்கம் கொந்தளிக்கும். ஆணும் பெண்ணும் கடலில் இல்லை, காற்று வருகிற திசையில் இருக்கிறார்கள். மே மாதம் தென்மேற்குக் காற்று ஏறத் தொடங்கும். நம் பள்ளி விடுமுறையோடு அது சேர்ந்து வருவது மாலத்தீவில் கிடைக்காத அதிர்ஷ்டம்.

இங்கே காற்று எவ்வளவு என்பதற்கு ரயில்வேயே சாட்சி. 1914ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டியபோதெல்லாம் சிக்னல் சிவப்பாகி ரயில் நின்றது. 58 கிலோமீட்டர் என்பது 31 நாட். விங் பழகுகிறவர் அதற்கு ரொம்ப முன்னாலேயே கரையேறியிருக்கணும். 1964 டிசம்பர் 22 ராத்திரி வந்த புயல் தனுஷ்கோடி ஊரையும், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையும் கொண்டுபோனது. அதற்கு முன்பு வரை எழும்பூரில் ஏறித் தாம்பரம் வழியாகப் போகிற போட் மெயில் தனுஷ்கோடியில் விட, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் போனார்கள். "பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்" என்று செய்தியில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த ஊர்க் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம்.

அந்தப் பக்கம் கைட் சர்ஃபிங் பயிற்சி பல வருஷமாக நடக்கிறது. விங்குக்கும் தேவை அதே காற்றுதான். குடும்பத்தின் மிச்சப் பேருக்கு? நம்மவர்களுக்கு இது புதுத் தீவும் இல்லை. தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பம் பாட்டியோடும் கைக்குழந்தையோடும் போய்க் கடலில் குளித்துவிட்டு வருகிற தீவு இது ஒன்றுதான். அக்னி தீர்த்தத்தில் முழுக்கு, கோயிலுக்குள் 22 தீர்த்தம், ஈரப்புடவையோடு பிராகாரத்தில் நடை. நீச்சல் உடை பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம், பாட்டிக்கு வேலை இருக்கிறது, பிள்ளைகளுக்கு ஒவ்வொரு கிணற்றிலும் வாளித் தண்ணீர் தலையில் கொட்டுவதே கொண்டாட்டம். பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம். பள்ளியில் சிவசுப்ரமணிய ஐயர் மாணவர்களைக் கடற்கரைக்கு அழைத்துப்போய், பறவை எப்படிப் பறக்கிறது என்று காட்டியதுதான் தன்னை விமானத்தின் பக்கம் திருப்பியது என்று கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். ஃபாயிலுக்கும் அதே பாடம்தான். பிள்ளைக்கு அங்கேயே சொல்லிக்கொடுக்கலாம்.

இவ்வளவு சொல்லிவிட்டு ராமேசுவரத்தை ஒரு மலிவு விலை மாலத்தீவாக நான் விற்கப் போவதில்லை. அந்தத் தட்டைத் தண்ணீரில் இரண்டு விஷயம் ஒளிந்திருக்கிறது.

ஒன்று, அது அமைதியாக இருப்பதற்குக் காரணமே காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசுவதுதான். மணல் நாக்கு தாழ்வானது, மரமில்லை, அதனால் காற்று தடையில்லாமல் மேலேறிக் கடந்து வடக்குத் தண்ணீரில் இறங்கும். அலை எழும்ப இடமில்லை. விங்குக்கு இதைவிட வழவழப்பான தண்ணீர் கிடைக்காது. ஆனால் ஏதாவது உடைந்தால், லீஷ் அறுந்தால், கை ஓய்ந்தால், காற்று ஆளைக் கொண்டுபோகிற திசை வடகிழக்கு. அந்தத் திசையில் கச்சத்தீவு இருக்கிறது. 1974, 1976 ஒப்பந்தங்களுக்குப் பிறகு கடல் எல்லைக்கோடு எங்கே என்று ராமேசுவரத்து மீனவர் ஒவ்வொருவருக்கும் தெரியும். அதைத் தாண்டினதாகச் சொல்லிப் படகோடு பிடித்துக்கொண்டு போவது அங்கே மாமூலான செய்தி. விளையாடப் போனவரின் பலகை அதே காற்றில் அதே பக்கம்தான் மிதக்கும். மீட்புப் படகு இயந்திரத்தைத் தயாராக வைத்து நிற்காத இடத்தில் இந்தப் பக்கம் இறங்கவே கூடாது. இது ராமேசுவரத்துக்கு மட்டும் இல்லை, மாலத்தீவின் சின்னத் தீவுக்கும் பொருந்தும். ரிசார்ட்காரர் "இந்தப் பக்கம் அமைதியா இருக்கும், குழந்தைங்க குளிக்கட்டும்" என்று காட்டுகிற கரை பெரும்பாலும் காற்று கடலுக்குப் போகிற கரைதான்.

இரண்டாவது, அந்தத் தண்ணீர் காலியாக இல்லை. பாக் நீரிணைப் பக்கம் மூங்கில் மிதவைகளில் கடற்பாசி வளர்க்கிறார்கள், கரையோரம் வலை போட்டிருப்பார்கள். வேலை செய்கிறவர்களில் பெரும்பாலும் பெண்கள், இடுப்புத் தண்ணீரில் நின்றுகொண்டு. மன்னார் வளைகுடாப் பக்கம் முங்கிப் பாசி எடுக்கிறவர்களும் பெண்கள்தான். அவர்களில் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்தி 2015ல் சீகாலஜி என்கிற அனைத்துலகச் சூழல் பரிசு வாங்கினார். 1986ல் தேசியப் பூங்காவாக அறிவித்த தீவுக் கூட்டத்தில், தங்கள் பிழைப்புக்கும் பாதுகாப்புச் சட்டத்துக்கும் நடுவே வழி தேடின பெண்கள் இவர்கள். ஒரு ஃபாயில் அந்த வலையில் மாட்டினால் ஓட்டுகிறவர் விழுவார், எழுந்து சிரித்துக்கொண்டே போய்விடுவார். வலை கிழிந்தது கிழிந்ததுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். அதைப் பார்த்துக் கடல் சும்மா இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகுகள் போகும், வலைகளும் இருக்கும். உள்ளூர்ப் பயிற்சியாளர் இல்லாமல் தனியாக இறங்கக் கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம். எந்த இடத்தில் யாருடைய வலை என்று அவருக்குத் தெரியும்.

இலங்கையில் கல்பிட்டி இந்த விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நீளமான கடனீரேரி, தென்மேற்குப் பருவத்தில் நிலையான காற்று, உலகம் முழுவதிலிருந்தும் கைட்காரர்கள். அரசு அங்கே 14 தீவுகளைச் சேர்த்து ஒரு பெரிய ரிசார்ட் திட்டம் போட்டது. கரைக்கும் கடலுக்கும் போகிற வழி அடைபடும் என்று மீனவர்கள் எதிர்த்தார்கள். தீவு ரிசார்ட் என்கிற கற்பனைக்கு ஆளில்லாத கடல் தேவைப்படுகிறது. அப்படிக் கிடைக்காவிட்டால் ஆளில்லாததாக ஆக்குவதற்கு வேலை நடக்கும்.

கடைசியாக, வீட்டுக்குள் இருக்கிற விஷயம். இதுவரை எழுதினதில் இறக்கை பிடிக்கிறவரை நான் "அப்பா" என்றே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். விளம்பரமும் அப்படித்தான் சொல்கிறது. பயிற்சிப் பள்ளிகள் எல்லாமே சொல்கிற ஒரு விதி உண்டு: நீங்கள் தண்ணீரில் இருக்கிறபோது கரையில் உங்களைக் கவனிக்கிற ஒருவர் இருக்கணும். குடும்ப விடுமுறையில் அந்த ஒருவர் யார்? ஒரு கண் மூழ்கி எழுகிற பிள்ளைகள் மேல், ஒரு கண் அடிவானத்தில் சிறுத்துக்கொண்டே போகிற கணவர் மேல். "ஏங்க, எத்தனை மணிக்கு வருவீங்க?" என்கிற கேள்விக்குக் "காத்து இருக்கற வரைக்கும்" என்பது பதில் இல்லை. அவர் மூன்று மணி நேரம் வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். சம்பளம் இல்லாத, பயிற்சி இல்லாத உயிர்காப்பாளர் வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு அதற்கு "எல்லோருக்கும் ஏற்ற விடுமுறை" என்று பெயர் வைப்பதுதான் என்னுடைய முக்கியமான ஆட்சேபம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ரிசார்ட்டில் கிட்ஸ் கிளப் இருக்கலாம். கணவரைப் பார்த்துக்கொள்ள இருக்காது.

இதற்குச் செய்யக்கூடியது உண்டு. காசு கொடுத்துப் பயிற்சியாளரும் மீட்புப் படகும் இருக்கிற நேரத்தில் மட்டும் இறங்குவது. எத்தனை மணிக்குக் கரையேறுவது என்பதைக் காலையிலேயே பேசி முடிப்பது, நல்ல காற்று இருந்தாலும் ஏறிவிடுவது. மறு நாள் அதே இரண்டு மணி நேரத்தை மனைவிக்குக் கொடுப்பது. அவர் விங் பழகினாலும் சரி, கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினாலும் சரி. விங்குக்குப் பெரிய தோள்பலம் வேண்டியதில்லை, சமநிலையும் பொறுமையும்தான் வேண்டும். அம்மாவும் பன்னிரண்டு வயசுப் பெண்ணும் அப்பாவுக்கு முன்னால் எழும்பி நின்றால் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. இந்தச் சாத்தியத்தை எந்த விளம்பரமும் காட்டுவதில்லை என்பது விளம்பரம் எழுதுகிறவர்களைப் பற்றித்தான் சொல்கிறது.

போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு குறிப்பு. தாம்பரத்தில் சாயங்காலம் ஏறினால் மயிலாடுதுறை, திருவாரூர், காரைக்குடி வழியாகப் போய் விடியும்போது தீவில் இறங்கலாம். ரயில் பெட்டிக்குள் கொண்டுபோகிற பெட்டி 100 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 25 உயரத்துக்குள் இருக்கணும் என்பது ரயில்வே விதி. பழகுகிறவருக்கான பலகை அதில் அடங்காது, பிரேக் வேனில் போட வேண்டியிருக்கும். புதுசாக ஒரு முழு செட் வாங்கினால் செலவு லட்சங்களில் போகும். முதல் இரண்டு தடவைக்கு அங்கேயே வாடகைக்கு எடுப்பதுதான் புத்தி. தனுஷ்கோடி முனையில் நீரோட்டம் மோசம், அங்கே யாரும் குளிக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு அக்னி தீர்த்தம் போதும். மே மாதத்தில் அங்கேயும் காற்று ஊர்ப் பக்கமிருந்து கடலுக்குத்தான் வீசும். இடுப்பளவுக்கு மேல் போகாமல் நின்று குளித்தால் பயமில்லை. வீட்டிலிருந்து எடுத்து வந்த காற்றடைத்த டியூபையும் வாத்து பொம்மையையும் மட்டும் அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.